ரகசிய சுவிட்சுக்கு வைத்த பொட்டு

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு பேனாவைத் தொட்டது கையெழுத்துப் போட மட்டும்தான். ஒற்று விட்டுப் போயிருந்தாலும், சின்ன ர, பெரிய ற மாறியிருந்தாலும் மன்னித்து, திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறேன் என்று மகள் சொன்னாள். அவள் எதிரில் உட்கார்ந்து இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கம். அதனால் நானே எழுதுகிறேன்.

இது நடந்தது பெங்களூரில், மர்பி டவுனில், தொண்ணூறுகளின் கடைசியில். அடுத்தவர் வண்டிகளைப் பல வருடம் ஓட்டிய பிறகு, சொந்தமாக ஒரு பழைய வெள்ளை வேன் வாங்கியிருந்தேன். பக்கவாட்டுக் கதவை இழுத்துத் திறக்கிற ரகம். வார நாட்களில் பீன்யாவில் ஒரு கம்பெனிக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவேன். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், கோயில் என்று ஏதாவது சவாரி வரும்.

வண்டி வாங்கிய புதிதில் இன்ஷூரன்ஸ் எடுக்க விவேக் நகரிலிருந்து ஒரு ஏஜென்ட் அம்மா ஸ்கூட்டரில் வந்தார். அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை அக்கா என்பேன். யார் மூத்தவர் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. வண்டிக்கு அடியில் தயக்கமில்லாமல் தலையை விட்டு, சேசிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். சின்ன வயதில் காசு மேல் காகிதம் வைத்துத் தேய்ப்போமே, அதே மாதிரி நம்பர் காகிதத்தில் எழுந்து வந்தது. எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது. இன்னொரு தடவை தேய்க்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"வெறும் தேர்ட் பார்ட்டி எடுத்தா, நீங்க யாரையாவது இடிச்சா அவங்களுக்குத்தான் கிடைக்கும். உங்க வண்டி போனா போனதுதான். ஃபுல்லா எடுத்துடுங்கண்ணா" என்றார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு, "கம்பெனில இருந்து வந்ததைத் தவிர நீங்க தனியா என்னென்ன மாட்டியிருக்கீங்க? ஒண்ணு விடாம சொல்லணும். எழுதாத பொருள் காணாமப் போனா அதுக்கு ஒண்ணும் வராது" என்றார்.

ஒன்று விடாமல் என்று அவர் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஸ்டீரியோ, ஸ்பீக்கர், மேலே கேரியர், முன்னால் மஞ்சள் லைட், பின்னால் எடுக்கும்போது பாட்டுப் பாடுகிற ரிவர்ஸ் ஹாரன் எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரையும் சொன்னேன்.

அந்த அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "பிள்ளையாரை எல்லாம் எழுத முடியாதுண்ணா. அவரு கம்பெனி வேற."

அந்தச் சமயத்தில் எங்கள் பக்கம் வேன்கள் திருட்டுப் போய்க்கொண்டிருந்தன. இன்ஷூரன்ஸை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், கியர் லாக், அலாரம், ஒரு சீக்ரெட் சுவிட்ச் மூன்றையும் போட்டுவிடுங்கள், அதையும் சேர்த்து எழுதிக்கொள்கிறேன் என்று அவர்தான் சொன்னார். ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் போய் மூன்றையும் மாட்டினேன். சீக்ரெட் சுவிட்ச் என்பது புளியங்கொட்டை அளவு ஒரு கறுப்புப் பொத்தான். ஸ்டீயரிங் தண்டுக்குப் பின்னால், வயர்களுக்கு நடுவில் அதை வைத்தார் மாட்டிய பாய். அதை அமுக்காமல் சாவி போட்டால் செல்ஃப் அடிக்கும், ஆனால் என்ஜின் பிடிக்காது. தள்ளினாலும் பிடிக்காது.

"எங்க இருக்குன்னு பொண்டாட்டிகிட்டகூட சொல்லாதீங்க பையா. சொல்லிட்டா அது சீக்ரெட் இல்ல, சும்மா சுவிட்ச்" என்றார் அவர்.

என்னிடம் இதைச் சொல்லவே தேவையில்லை. சொல்ல வேண்டியதையே சொல்லாத ஆள் நான். வீட்டில்கூட என் மனைவி இரண்டு கேள்வி கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் வரும். பொத்தான் இருக்கும் இடம் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. தினமும் காலையில் குனிந்து செருப்பைச் சரி செய்கிற மாதிரி கையை உள்ளே விட்டு அதை அமுக்குவேன்.

பொத்தான் அமைதியான ஜாதி. அலாரம் அப்படி இல்லை. பூனை குதித்தால் கத்தும். இடி இடித்தால் கத்தும். புல்லட் வண்டி தெருவில் திரும்பினால் கத்தும். கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. தெருவே வெளியே வந்து பார்க்கும்போது, நான் ரிமோட்டை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி ஓட வேண்டும்.

எதிர்வீட்டில் ஒரு சிட்டி பஸ் டிரைவர் இருந்தார். கன்னடக்காரர், ஐம்பது வயதுக்குப் பக்கம். எங்கள் தெருவில் குடியிருந்து குடியிருந்து தமிழ் நன்றாகப் பேசுவார். அவருக்கு எப்போதும் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். விடியும் முன்பே போய்விட்டு மத்தியானம் வந்து தூங்குவார். என் அலாரம் கத்துவதும் மத்தியானத்தில்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். யாராக இருந்தாலும் குரு என்றுதான் கூப்பிடுவார்.

"ஏன் குரு, உன் வண்டிக்குப் பசிக்குதா? பால் குடு, தூங்கும்."

இன்னொரு நாள், "இன்ஷூரன்ஸ் உனக்கு, சிவராத்திரி எனக்கா?" என்றார். தெருவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை. அலாரத்தை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுவேன். இப்படியே ஒரு வருடம் அவரும் நானும் எதிரெதிரே இருந்தோம். பேசினது எல்லாம் அவர்தான்.

அந்த வருட ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் வண்டிகளுக்குத்தான் பண்டிகை. முந்தின நாளே மார்க்கெட்டில் செவ்வந்தி மாலையும் வாழைக்கன்றும் மலை மாதிரி குவிந்துவிடும். வேனைக் கழுவி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, முகப்பில் பெரிய மாலை போட்டேன். நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். எங்கள் தெரு வழக்கப்படி, பூஜை முடிந்தால் வண்டியைத் தொடக் கூடாது. சாவி சாமி படத்துக்கு முன்னால் தட்டில் இருக்க வேண்டும். மறுநாள் காலையில்தான் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பும்.

சந்தனம் குழைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். ஸ்டீயரிங், கியர், கியர் லாக், ஸ்டீரியோ, ஸ்பீக்கர், ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி டயர், ரிவர்ஸ் ஹாரன் எதையும் விடவில்லை. அலாரம் ரிமோட்டின் மேலும் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். பூசணிக்காய் உடைத்ததும் அலாரம் கத்தியது. எதிர்வீட்டு டிரைவர் டிப்போவில் தன் பஸ்ஸுக்குப் பூஜை போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். "பாருப்பா, சாமிக்கே அலாரம் அடிக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எல்லோரும் பொரி, சுண்டல் வாங்க எங்கள் வீட்டுக்குள் போன பிறகு நான் மட்டும் வண்டியில் இருந்தேன். அந்தப் பொத்தானுக்கு மட்டும் பொட்டு வைக்கவில்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. ஜாக்கிக்கு உண்டு, ஸ்பேனருக்கு உண்டு, ஒரு வருடமாக ஒளிந்து நின்று வண்டியைக் காத்ததற்கு இல்லையா? யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு கையை உள்ளே விட்டு, விரலால் தடவி, முதலில் சந்தனம், அதன் மேல் குங்குமம் வைத்தேன். பிறகு கதவுகளைப் பூட்டி, அலாரத்தைப் போட்டு, சாவிக்கொத்தையும் ரிமோட்டையும் கொண்டுபோய்த் தட்டில் வைத்துக் கும்பிட்டேன்.

திரும்பி வெளியே வந்தபோது முன்னால் கட்டிய மாலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கிச் சரி செய்தேன். செவ்வந்திப் பூவுக்குள் ஒரு தேனீ இருந்திருக்கிறது. கழுத்தில் சுருக்கென்று கொட்டியது.

தேனீதானே என்று தேய்த்துவிட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை அரித்தது. உள்ளங்கால் அரித்தது. உதடு தடித்தது. மூச்சு விட்டால் விசில் மாதிரி சத்தம் வந்தது. மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தேன். வாய்க்குள் துணியைச் சுருட்டித் திணித்த மாதிரி நாக்கு நிறைந்திருந்தது. கால் மடங்கி பம்பரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. "ஆட்டோ! யாராவது ஆட்டோ பிடிங்க!" என்று கத்தினாள். தெருமுனையில் ஆட்டோக்கள் மாலை போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. ஓட்டுகிறவர்கள் பூஜையை முடித்துவிட்டு அவரவர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

எதிர்வீட்டு டிரைவர் ஒரே பாய்ச்சலில் வந்தார். "ஏனாய்த்து? என்ன ஆச்சு?" என்று கேட்டபடியே என் முகத்தைப் பார்த்தார். மறு கேள்வி கேட்கவில்லை. "அக்கா, வேன் சாவி எங்க?"

"பூஜைல இருக்குங்க..."

"சாமி கோவிச்சுக்காது. பேகா, பேகா! சீக்கிரம்!"

அவள் ஓடிப்போய்த் தட்டோடு எடுத்து வந்தாள். கதவைத் திறந்ததும் அலாரம் ஊளையிட ஆரம்பித்தது. ரிமோட்டை அமுக்கிப் பார்த்தார்கள். நான் அப்பிய சந்தனம் காய்ந்து பொத்தான் இறுகிவிட்டிருந்தது. அலாரம் நிற்கவில்லை. "கத்தட்டும் விடு" என்று சொல்லிவிட்டு, என்னைத் தூக்கி நடு சீட்டில் படுக்க வைத்து, கியர் லாக்கைத் திறந்து, சாவியைத் திருப்பினார்.

செல்ஃப் அடித்தது. என்ஜின் பிடிக்கவில்லை.

மறுபடியும் அடித்தார். பிடிக்கவில்லை.

"பெட்ரோல் இருக்காம்மா?"

"நேத்துதாங்க போட்டாரு!"

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் காது நன்றாகக் கேட்டது. பொத்தான், பொத்தான் என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததோ விசில் மட்டும்தான். இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கையைத் தூக்கி ஸ்டீயரிங்குக்குக் கீழே காட்டினேன்.

"கீழ காட்டுறாரு பாரு!" என்றார் மூலை வீட்டுப் பூக்கார அம்மா. "டயர்ல எலுமிச்சம்பழம் இருக்கே, அதை மிதிச்சிட்டுப் போகாதீங்கங்கிறாரு. எடுங்கய்யா அதை!"

நாலு பேர் குனிந்து நாலு எலுமிச்சம்பழத்தையும் எடுத்தார்கள். என் கை தானாகக் கீழே விழுந்தது. அதற்குப் பிறகு அதைத் தூக்க முடியவில்லை.

தெரு ஆட்கள் சேர்ந்து வண்டியைத் தள்ளினார்கள். வாழைக்கன்றுகள் ஆட, அலாரம் கத்த, வண்டி தெருமுனை வரை போய் நின்றது. பிடிக்கவில்லை. என் தலையை மடியில் வைத்திருந்த மனைவி, என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, பாருங்க, என்னைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இந்த வண்டிதான் என்னைக் கொல்லப் போகிறது என்று நினைத்தேன். அதைத் திறக்கிற ஒரே ஆள் அதற்குள்ளேயே வாய் பேசாமல் படுத்திருக்கிறான்.

தள்ளிக் களைத்த ஒருவர், "திருடன் வந்தாலே வெறுத்துப் போயிடுவான் போல இந்த வண்டியில" என்று எரிச்சலோடு சொன்னார்.

டிரைவர் சட்டென்று திரும்பினார். "என்ன சொன்ன? திருடனா?" பிறகு என் மனைவியிடம், "அக்கா, திருட்டுக்குன்னு சுவிட்ச் ஏதாவது ஒளிச்சு வெச்சிருக்காரா?" என்று கேட்டார்.

"எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லைங்களே!"

அவர் கீழே இறங்கி, பெடல்களுக்கு நடுவில் தலையை விட்டு, கால் தெருவில் நீட்டிக்கொண்டிருக்க மல்லாந்து படுத்தார். புது வேட்டி சட்டை போட்டிருந்தார். "எல்லாம் கறுப்பா இருக்கு. எது வயர், எது என்னன்னு தெரியல. டார்ச் குடுங்க யாராவது." யாரோ ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பிறகு உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "அக்கா... இங்க ஒரு பொட்டு இருக்கு."

"என்னது?"

"குங்குமப் பொட்டு. ஸ்டீயரிங் பின்னாடி, வயருக்குள்ள. இங்க போய் யாரு பொட்டு வைப்பாங்க?"

"அவருதான் வெச்சிருப்பாரு!" என் மனைவி அலறினாள். "ஒண்ணும் இல்லாத இடத்துல அவரு பொட்டு வைக்க மாட்டாருங்க. அதை அமுக்குங்க!"

அமுக்கினார். எழுந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி பிடித்தது. அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அவர் பஸ் ஓட்டுகிற மாதிரிதான் வேனையும் ஓட்டினார். நடு ரோட்டில், யாருக்கும் வழி விடாமல். ஜன்னலில் வாழை இலை படபடவென்று அடித்தது. அலாரம் நிற்காமல் ஊளையிட்டது. அல்சூர் பக்கம் முன்னால் போன பஸ்ஸைப் பார்த்து, தலையை வெளியே நீட்டி, "சைடு பிடோ!" என்று வழி விடச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினார். மாலையும் வாழையும் கட்டிக்கொண்டு அலறிக்கொண்டு வருகிற வண்டியைப் பார்த்து எல்லோரும் ஒதுங்கினார்கள். ஒரு வருடமாகத் தெருவைத் தூங்கவிடாத அலாரம் அன்றைக்கு ஆம்புலன்ஸ் சங்காக ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி கேட்டில் திரும்பும்போது இடது பக்கம் நீளமாக உரசிய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எனக்குச் சரியாக நினைவில்லை.

ஊசி போட்டார்கள். மூக்கில் ஏதோ வைத்தார்கள். நெஞ்சு மெல்லத் திறந்தது. கண்ணைத் திறந்தபோது டாக்டர் அம்மா என் நாடியைப் பிடித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் முகம் சுளித்துக்கொண்டிருந்தார்.

"யாருது அந்த வண்டி? இவ்வளவு நேரமா கத்துது, யாரும் ஆஃப் பண்ண மாட்டாங்களா?"

அறை வாசலில் நின்ற எதிர்வீட்டு டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "ரிமோட்டு சந்தனத்துல இறுகிடுச்சு மேடம். எப்படி நிறுத்தறதுன்னு இவனை எழுப்பித்தான் கேக்கணும்."

நான் பேச முயன்றேன். நாக்கு நகர்ந்தது. பிழைத்து வந்து நான் பேசிய முதல் வார்த்தை மனைவி பெயரும் இல்லை, சாமி பெயரும் இல்லை. "பேட்டரி வயரைக் கழட்டுங்க" என்றேன். என் மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள், அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்வீட்டு வாசலில் போய் நின்றேன். கொடியில் காய்ந்த அவர் புது வேட்டியில் கிரீஸ் கறை இருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். துவைத்தும் போகவில்லை. அவரே பேசினார். "நன்றி எல்லாம் வேணாம் குரு. மத்தியானத்துல மட்டும் அந்த அலாரத்தை ஆஃப் பண்ணி வை." பிறகு குரலைத் தாழ்த்தி, "கேட்ல கொஞ்சம் உரசிட்டேன். பஸ் அளவுக்கு வளைச்சிட்டேன்" என்றார்.

அடுத்த தடவை பாலிசி புதுப்பிக்க வந்தபோது ஏஜென்ட் அக்கா கேட்டில் உரசிய அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்து, "ஏண்ணா, ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கே, கிளெய்ம் போட்டு பெயின்ட் அடிச்சிருக்கலாமே?" என்றார். இருக்கட்டும் என்றேன். "சரி, சீக்ரெட் சுவிட்ச் அப்படியே இருக்குதானே?" என்று கேட்டார்.

"இருக்குக்கா. எங்க இருக்குன்னு தெருவுக்கே தெரியும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அப்புறம் அதை நான் என்னன்னு எழுதறது?"

அவருக்கு உட்கார நாற்காலி போட்டு, நடந்ததை எல்லாம் சொன்னேன். அவ்வளவு நேரம் நான் யாரிடமும் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை என்று என் மனைவி இப்போதும் சொல்வாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்தப் பொத்தானுக்குப் பொட்டு வைப்பது எதிர்வீட்டு டிரைவர்தான். டிப்போவிலிருந்து வந்ததும், "எங்கப்பா என் பொட்டு?" என்று கேட்டுக்கொண்டே வண்டிக்குள் தலையை விடுவார். எங்கள் தெரு ஆட்கள் அதைப் பார்க்கவே வந்து நிற்பார்கள். அவர் ரிடையர் ஆகி ஊருக்குப் போய்விட்டார். ஆயுத பூஜை அன்று போன் வரும். வேனையும் விற்றுவிட்டேன். விற்கும்போது வாங்கினவருக்குப் பொத்தானைக் காட்டிக் கொடுத்துவிட்டு, உங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள் என்றேன்.

இப்போது இருக்கிற காரில் எதையும் தனியாக மாட்ட வேண்டியதில்லை. பூட்டு, அலாரம் எல்லாம் சாவிக்குள்ளேயே வந்துவிட்டது. நேற்று அதற்குப் பூஜை போட்டேன். எல்லா இடத்திலும் பொட்டு வைத்து முடித்த பிறகு, கை தானாக ஸ்டீயரிங்குக்குப் பின்னால் போய், ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தது. உடனே இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. ஆனால் வீட்டில் இருந்த பேனாக்களும் பூஜைத் தட்டில் இருந்தன. இன்று காலையில் முதலில் எடுத்து எழுதியது இதுதான். அங்கே இப்போது பொத்தான் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் உயிருக்காக ஒருவர் புது வேட்டியோடு அந்த இடத்தைத் தேடி மல்லாந்து படுத்ததை என் விரல் மறக்க மாட்டேன் என்கிறது.

விஜயதசமி, 28.9.2009